வெந்நீரைப் பங்கு போடுவது

மதுரையில் தெப்பக்குளத்துக்குத் தெற்கே சாயப்பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், மார்கழி அதிகாலையில் நுழைந்தால் வாசல் கோலம் தெரிவதற்கு முன்னால் விறகுப் புகை கண்ணைக் கரிக்கும். ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். பட்டு நூலின் பசையை எடுக்கச் சோப்பு நீர் கொதிக்கிற பதத்துக்கு வர வேண்டும். சாயமேற்றிய பருத்தியில் ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயத்தைக் கழுவவும் கொதிநீரே வேண்டும். கொப்பரையின் அடியில் சீமைக் கருவேலக் கட்டைகள் ஆள் கை நீளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு எரிய, தீயில் பாதி கொப்பரையைத் தொடாமலேயே சுவரைக் கரியாக்கிவிட்டு மேலே போகும். நான் அந்தத் தெருவுக்குப் போவது புடவை வாங்க அல்ல. கொதிகலன், சோலார் ஹீட்டர், ஹீட் பம்ப் ஆகியவற்றைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் 22 ஆண்டுகளாக என் பிழைப்பு. சுருக்கமாகச் சொன்னால் நான் வெந்நீர் வியாபாரி.

ஒரு பட்டறையில் வெப்பமானியும் தராசும் வைத்துக்கொண்டு ஒரு முழுக் காலையை நான் கழித்ததுண்டு. 1,000 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 60 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இது பாடப்புத்தகக் கணக்கு, எவரும் மறுக்க முடியாது. நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் தரும். ஆகவே 15 கிலோ விறகு போதும் என்று தாள் சொல்கிறது. அன்று நான் நிறுத்துப் பார்த்தபோது எரிந்திருந்தது ஏறக்குறைய 80 கிலோ. மீதி வெப்பம் எங்கே போனது என்று பட்டறைக்காரர் கேட்கவில்லை. தலைக்கு மேலே தகரக் கூரை தகித்துக்கொண்டிருந்ததால் அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

அந்த விறகு மானாமதுரை, பரமக்குடி பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட நாட்களில் விறகு மலிவாகக் கிடைத்தது. பிறகு பழைய விலைக்கே திரும்பியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் அதே மரத்தைக் கரிமூட்டம் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். கமுதி பக்கம் போனவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருக்கலாம். 2016-ல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அதே வட்டாரத்தின் பொட்டலில் மண் பூசிய கரிமூட்டங்கள் இன்றும் புகைகின்றன. வெயிலிலிருந்து எடுத்த மின்சாரம் கம்பி வழியாக நாட்டின் எந்த மூலைக்கும் போய்ச் சேருகிறது. வெப்பத்துக்கு அந்தக் கால்கள் கிடையாது. குழாயில் கொஞ்ச தூரம் போகும், அதற்கு மேல் ஆறிப்போகும். அதனால்தான் நாம் வெப்பத்தை விறகாகவும் கரியாகவும் மாற்றி லாரியில் ஏற்றுகிறோம். உலகம் இறுதியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி வெப்பமாகவே செலவாகிறது. ஆனால் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றதும் நம் வாயில் வருவது காற்றாலையும் சோலார் பலகையும் மட்டுமே.

வெப்பம் தூரம் போகாது என்பதாலேயே அதைப் பயன்படுத்துவதில் ஒத்துழைப்பின் இலக்கணம் வேறாகிவிடுகிறது. மின்சாரத்தில் முகம் தெரியாதவர்களோடு கூட்டுச் சேரலாம். வெந்நீரில் அடுத்த வீட்டுக்காரரோடுதான் சேர முடியும். அடுத்த வீட்டுக்காரரோடு சேர்வது எத்தனை கடினம் என்பது மதுரையில் பொதுச் சுவர் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

இதை முதலில் செய்துகாட்டிய நகரங்களில் ஒன்று ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக். அந்த ஊரின் கதையில் எனக்குப் பிடித்தது அது துணி துவைக்கும் இடத்தில் தொடங்குகிறது என்பது. ஊருக்கு வெளியே இருந்த வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெண்கள் அழுக்குத் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு பனியில் நடந்து போய்த் துவைத்து வருவார்கள்; நம் வைகைத் துறைகளில் வெள்ளாவி வைத்தவர்களுக்கு அந்தப் பாடு புரியும். 1930-ல் அந்த ஊற்றுப் பகுதியில் துளையிட்டு எடுத்த வெந்நீரை 3 கிலோமீட்டர் குழாயில் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அறுபது எழுபது வீடுகள் என்ற அளவில் அது தொடங்கியது. அதற்கு முன் அந்த ஊர் நிலக்கரியால் குளிர் காய்ந்துகொண்டிருந்தது. 1970-களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு குழாய்கள் நாடெங்கும் விரைவாகப் பரவின. இன்று அந்த நாட்டின் வீடுகளில் பத்தில் ஒன்பது நிலத்தடி வெப்பத்தால்தான் கதகதப்பாக இருக்கின்றன.

ஐஸ்லாந்துக்கு எரிமலை இருக்கிறது, நமக்கென்ன இருக்கிறது என்று கேட்பது எளிது. எரிமலை இல்லாத இடத்தின் உதாரணம் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே ஓடும் இன் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஒரு கரையில் சிம்பாக், மறுகரையில் பிரவுனாவ். நடுவே பாலமும் நாட்டு எல்லையும். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆழத்துச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து 80 டிகிரி அளவில் வரும் நீரை வைத்து இரண்டு ஊர்களும் ஒரே வெந்நீர்க் கட்டமைப்பை நடத்துகின்றன. அந்த நீரடுக்கு ஜெர்மனியின் பாவாரியாவிலிருந்து ஆஸ்திரியாவுக்குள் கேட்காமலேயே நீண்டு கிடக்கிறது. அதே அடுக்கை நம்பி பாட் ஃப்யூசிங் போன்ற வெந்நீர்க் குளியல் ஊர்களும் பிழைக்கின்றன. ஒருவர் அளவில்லாமல் உறிஞ்சினால் இன்னொருவர் கிணற்றில் அழுத்தம் குறையும். 1987-ல் ரெகன்ஸ்பர்க் நகரில் கையெழுத்தான நீர் மேலாண்மை உடன்படிக்கையின் கீழ், வெந்நீருக்கென்றே இரு நாட்டு நிபுணர் குழு ஒன்று வேலை செய்கிறது. அவர்கள் வகுத்துக்கொண்ட நெறிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: வெப்பத்துக்காக மட்டும் எடுத்த நீரை, வெப்பத்தை எடுத்துக்கொண்டபின் அதே அடுக்குக்குள் திருப்பி இறக்கிவிட வேண்டும். போர்வெல்லுக்குப் போட்டி போட்டே பழகிய ஊரிலிருந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னும் கிழக்கே, ஸ்லோவேனியா, ஆஸ்திரியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகிய நான்கு நாடுகளின் நிலவியல் நிறுவனங்கள் 2010 முதல் 2013 வரை சேர்ந்து தங்கள் எல்லைப் பகுதிகளின் நிலத்தடி வெப்ப வரைபடத்தை ஒன்றாக்கின. அந்த வேலை மேலுக்கு அலுப்பாகத் தோன்றும். ஒவ்வொரு நாடும் தன் பாறை அடுக்குக்கு வைத்திருந்த பெயர் வேறு, அளவு முறை வேறு. ஒரே பாறைக்கு நான்கு பெயர் இருந்தால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற கணக்கை யாராலும் போட முடியாது. குழாய் போடுவதற்கு முன் பெயரை ஒன்றாக்க வேண்டியிருந்தது.

நம் காலடிக்கு வருவோம். மதுரை நிற்பது மிகப் பழைய, மிகக் கெட்டியான பாறையின் மேல். ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை படுத்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே அது இன்று நேற்று ஆறிய பாறை அல்ல என்று தெரியும். நிலவியலாளர்கள் 'மதுரைப் பாளம்' என்றே ஒரு பகுதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தகைய பழம்பாறையில் ஆழம் போகப்போக வெப்பம் ஏறும் வேகம் குறைவு. கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி என்ற உலகச் சராசரியைக்கூட அது எட்டாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆயிரம் அடி இறக்கும்போது மேலே வரும் தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகப் படுவது உண்மைதான். ஆனால் அந்த வெதுவெதுப்பில் பட்டு வேகாது. 80 டிகிரி வேண்டுமென்றால் இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே போக வேண்டும். போனாலும் அங்கே நீர் ஓட வெடிப்பு இருக்க வேண்டும். மதுரைக்கு அடியிலிருந்து வெந்நீர் கொண்டுவரலாம் என்று எவராவது திட்ட அறிக்கையோடு வந்தால், அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஆனால் இதே பாறையின் உடன்பிறப்பு கடலுக்கு அப்பால் இருக்கிறது. பழைய கோண்டுவானாக் கண்டத்தில் தென்தமிழகமும் இலங்கையும் ஒட்டியே கிடந்தவை. இலங்கையில் எரிமலை இல்லை. இருந்தும் மகாபெலஸ்ஸ, மகா ஓயா, திருகோணமலைக்கு அருகில் கன்னியா எனப் பல இடங்களில் வெந்நீர் ஊற்றெடுக்கிறது. கன்னியாவில் அடுத்தடுத்து ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒரு சூடு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தியதால் பிறந்தவை என்பது தமிழர் அங்கே சொல்லும் கதை. மழைநீர் ஆழமான வெடிப்புகளில் இறங்கிப் பாறையின் சூட்டை வாங்கிக்கொண்டு விரைவாக மேலேறுவது நிலவியல் சொல்லும் காரணம். கன்னியாவில் சூடு 40 டிகிரியைச் சுற்றித்தான். குளிக்கப் போதும், மீன் குஞ்சு வளர்ப்புக்கும் பயிர் உலர்த்தலுக்கு முன்சூடு ஏற்றவும் போதும்.

இங்கே ஒரு கிளைப்பேச்சு. கச்சத்தீவு என்றால் நம் ஊர் டீக்கடையில் மேசை அதிரும். அந்த 1974 உடன்படிக்கையின் உரையை முழுதாகப் படித்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. அதில் ஒரு கூறு சொல்வது இது: எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே பெட்ரோலிய, எரிவாயு அல்லது கனிமப் படிவு நீண்டு கிடந்தால், அதை எப்படிச் சிறப்பாகப் பயன்படுத்துவது, வருவாயை எப்படிப் பகிர்வது என்று இரு நாடுகளும் பேசி உடன்பாடு காண முயல வேண்டும். இன் ஆற்றங்கரைக்காரர்கள் வெந்நீருக்குச் செய்துகொண்டது போன்ற யோசனையின் விதை நம் கடலில் 50 ஆண்டுகளாகக் கிடக்கிறது. மன்னார்த் தீவில் துளையிட்ட ஆழ்கிணறுகளின் வெப்ப அளவீடுகளையும் ராமநாதபுரம் பக்கத்து எரிவாயுக் கிணறுகளின் வெப்ப அளவீடுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க யாருடைய தீவும் யாருக்கும் போக வேண்டியதில்லை. படகுகளைப் பிடிப்பதையும் விடுவிப்பதையும் பேசுகிற அதே மேசையில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

இந்தியாவுக்குள் நிலத்தடி வெப்பத்தைக் கண்ணால் காண வேண்டுமென்றால் வடக்கேதான் போக வேண்டும். இமாச்சலத்தின் மணிகரணில் குருத்வாராவின் அன்னக்கூடத்தில் ஊற்று நீரிலேயே பாத்திரத்தை இறக்கிச் சோறு வடிக்கிறார்கள். நம் ஊர் அழகர் கோவில் மடப்பள்ளிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, விறகுச் செலவு இல்லையா என்பதைத்தான் முதலில் கேட்டார். அங்கேயே 7.5 டன் கொள்ளளவுள்ள குளிர்பதனக் கிடங்கு ஒன்றை அந்த வெப்பத்தால் சோதனையாக இயக்கியிருக்கிறார்கள். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் மின் நிலையம் அமைக்க 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசியும் லடாக் நிர்வாகமும் லே மலை வளர்ச்சி மன்றமும் ஒப்பந்தம் செய்தன. மறு ஆண்டு துளையிடும்போது வெந்நீர் பீறிட்டு ஓடையில் கலந்ததால் வேலை நின்று தொடங்கியது. என் கண்ணுக்கு அங்கே மின்சாரத்தைவிட வீடுகளைச் சூடாக்குவதே முதல் வேலை. லடாக் குளிர்காலத்தில் டீசல் எரித்து உயிர் பிழைக்கிற பகுதி. 80 டிகிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்தால் வெப்பத்தின் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதையே குழாயில் விட்டால் ஏறக்குறைய முழுதும் பயன்படும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஐஸ்லாந்து 1979 முதல் வளரும் நாடுகளின் பொறியாளர்களையும் நிலவியலாளர்களையும் ஆண்டுதோறும் அரை ஆண்டுப் பயிற்சிக்கு அழைத்துவருகிறது. முன்பு ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பெயரில், 2020 முதல் யுனெஸ்கோவின் கீழ். நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாடு, தன் கைத்தொழிலை உலகுக்கு இப்படிக் கற்றுத் தருகிறது. நம்மிடம் அப்படிக் கற்றுத்தர ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. திருமலையில் 2002-ல் வெயிலைப் பிரதிபலிக்கும் 106 வட்டில்களை நிறுவி, அந்தச் சூட்டில் எழும் நீராவியில் பல்லாயிரம் பேருக்குச் சமைக்கும் ஏற்பாடு வந்தது; ஷீரடியிலும் அதே முறை பின்பற்றப்பட்டது. ஐஸ்லாந்துக்காரருக்கு வராத வித்தை அது, அவருக்கு வெயில் ஏது.

மதுரைக்கு நிலத்தடியில் இல்லாதது தலைக்கு மேலே இருக்கிறது. ஆனால் வெயிலையும் இங்கே சும்மா வாங்கிவிட முடியாது என்று நான் ஒரு விடுதியில் கற்றேன். தல்லாகுளம் பக்கம் ஒரு மகளிர் விடுதி. 2,000 லிட்டருக்கு கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டரை நானே பொருத்தினேன். இரண்டாம் ஆண்டு முடிவில் தண்ணீர் சூடாகவில்லை என்று அழைத்தார்கள். ஒரு குழாயை உருவிப் பார்த்தால் உள்ளே அரை அங்குலத்துக்கு வெள்ளையாக உப்பு; விரலால் சுரண்டினால் சுண்ணாம்புச் சில்லாக உதிர்ந்தது. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை நான் அளக்காமல் விட்டதன் கூலி அது. விடுதிக் காப்பாளர் அம்மா என்னைத் திட்டவில்லை. "சார், பிள்ளைங்க பச்சத்தண்ணியில தலைக்கு ஊத்திட்டுப் பரிட்சைக்குப் போயிருக்குங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நல்ல தண்ணீரைத் தனிச் சுற்றில் ஓடவிட்டு, வெப்ப மாற்றி வழியாக உப்புத் தண்ணீரைச் சூடாக்கும் முறையைத் தவிர வேறு எதையும் நான் பொருத்துவதில்லை. செலவு கூடும். சொல்லிவிடுவேன்.

சாயப்பட்டறைத் தெருவில் சோலார் மட்டும் போதாது. கூரையும் சிறிது, வேலை தொடங்குவதோ சூரியன் எழுவதற்கு முன். அங்கே நான் சொன்னது ஹீட் பம்ப். குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதைப் போல, இது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் 3 முதல் 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். வெளிக்காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு லாபம். குளிர்நாடுகளில் பனிக்காற்றைப் பிழிந்து வெப்பம் எடுக்கும் இந்த எந்திரத்துக்கு, சித்திரை மாத மதுரைக் காற்று விருந்து. அது தண்ணீரை 60 டிகிரிவரை கொண்டுவரும். 28-லிருந்து 85 டிகிரிக்குப் போகும் வழியில் பாதிக்கு மேல் அங்கேயே கடந்துவிடுகிறது. மீதியை உமியோ விறகோ எரியும் ஒழுங்கான சிறு கொதிகலன் பார்த்துக்கொள்ளும். வெளியே கொட்டும் சூடான கழிவுநீரின் தொட்டிக்குள் ஒரு செப்புச் சுருளை வைத்து, உள்ளே வரும் பச்சைத் தண்ணீரை அதன் வழியாக அனுப்பினால் இன்னும் சில டிகிரி இனாம்.

ஒரு பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது. மூன்று பட்டறைகள் சேர்ந்தால் ஆகும். மூவரும் ஒரே சுவரைப் பகிர்பவர்கள், ஒரே கோயிலுக்கு வரி கொடுப்பவர்கள், ஒருவருக்கொருவர் உறவு. அதுதான் சிக்கல். முதல் கூட்டத்திலேயே மூத்தவர் கேட்டார்: "சூட்டை எப்படித் தம்பி அளந்து குடுப்பீங்க? பாலா, படியில அளக்க?" நடு வீட்டுக்காரர் தொட்டி எந்தப் பக்கம் நிற்கும் என்றார். மூன்றாமவர் தன் வீட்டில் வாரத்தில் மூன்று நாள்தான் சாயம் போடுவதால் மூன்றில் ஒரு பங்கு தரமாட்டேன் என்றார். மூவர் சொன்னதிலும் தவறில்லை. நான் வெப்ப மீட்டரைக் காட்டினேன். போகிற நீரின் சூடு, திரும்பும் நீரின் சூடு, ஓடிய லிட்டர் மூன்றையும் கணக்கிட்டு யூனிட்டாகக் காட்டும் சிறு பெட்டி அது. ஐரோப்பிய ஊர்களில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். மூத்தவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பொய் சொல்லாதுன்னு யார் சொல்றது?" என்றார். பிறகு தன் தொட்டியில் குச்சி விட்டு அளந்து, வெப்பமானியும் வைத்து, நான்கு நாள் மீட்டரோடு ஒத்துப் பார்த்தார். அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய கணக்கும் மீட்டரும் சற்றேறக்குறையப் பொருந்தின. அந்த நோட்டு இல்லாமல் அந்தக் குழாய் வந்திருக்காது என்பது என் எண்ணம். நான்கு நாட்டு நிலவியலாளர்கள் பாறையின் பெயரை ஒன்றாக்கியதும் அதே வேலைதான், பெரிய நோட்டில்.

இரண்டு பட்டறைகள் சேர்ந்தன. மூன்றாமவர் வரவில்லை. இப்போது இருவருக்கும் விறகு முன்பு ஆன அளவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆவதில்லை. மின் கட்டணம் ஏறியிருக்கிறது, ஆனாலும் மாதக் கணக்கில் மிச்சம் நிற்கிறது. காற்றின் வெப்பத்தை உறிஞ்சிய பிறகு எந்திரத்திலிருந்து குளிர்ந்த காற்று வெளியேறுமே, அதை வீணாக்காமல் தகரக் குழாய் வழியாக முன்னறைக்குத் திருப்பினேன். அங்கேதான் ஏழெட்டுப் பெண்கள் தரையில் அமர்ந்து, துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி நூலால் சுற்றிச் சுங்குடி முடிச்சுப் போடுகிறார்கள். விசிறியை வைத்தால் துணி பறக்கும், புள்ளி தப்பும் என்று வியர்வையிலேயே உட்கார்ந்திருந்தவர்கள். கடந்த சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் நான் போயிருந்தபோது மூன்றாம் பட்டறைக்காரர் தன் வாசலில் நின்று அந்தத் தகரக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

"வெந்நீர் கிடக்கட்டும் தம்பி. இந்தக் காத்துல நம்ம பக்கம் ஒரு குழா இழுக்க என்ன ஆகும்?"

"அதுக்கும் மீட்டர் வைக்கணும்ண்ணே" என்றேன். மூத்தவர் உள்ளேயிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.